எத்தினை தரம்?

1996ஆம் ஆண்டு. இலண்டன் வைத்தியசாலை ஒன்றின் சிறிய அறை. ஒரு பக்கம் சத்திரசிகிச்சை நிபுணர். மறுபக்கம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று வருடம்கூட ஆகாத ஒரு தாய். நடுவில் உரைபெயர்ப்பாளனாக நான். பிள்ளை பிறந்து ஐந்து நாள். இருதயத்திலிருந்து புறப்படும் இரண்டு பெரிய நாடிகளும் இடம்மாறிப் பிறந்திருந்தது. நிபுணர் படம் வரைந்து விளக்கினார், நான் தமிழில் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தத் தாய் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அண்ணை, இவர் இந்த ஒப்பரேசனை எத்தினை தரம் செய்திருக்கிறார், அதில எத்தினை பிள்ளையள் தப்பினது எண்டு கேளுங்கோ."

எனக்குக் கூச்சமாகிவிட்டது. ஊரில் வைத்தியரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. "உங்களுக்கு இதில் நல்ல அனுபவம் உண்டுதானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் "யெஸ்" என்றார். "ஓமாம்" என்றேன்.

அவள் கேட்டது எவ்வளவு பெரிய கேள்வி என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

நாடிகள் இடம்மாறிய பிள்ளைக்கு ஒட்சிசன் குறைந்த இரத்தம் உடம்பையே சுற்றிக்கொண்டிருக்கும், ஒட்சிசன் நிறைந்த இரத்தம் நுரையீரலையே சுற்றிக்கொண்டிருக்கும். பிள்ளை நீலம் பாரித்துப்போகும். 1950களின் இறுதியில் சுவீடனின் செனிங், 1960களில் கனடாவின் மஸ்டர்ட் ஆகியோர் நாடிகளைத் தொடாமல், இருதயத்தின் மேலறைகளுக்குள்ளேயே இரத்தத்தின் பாதையைத் திருப்பிவிட்டார்கள். பிள்ளைகள் பிழைத்தன. ஆனால் உடம்பு முழுவதற்கும் இரத்தம் தள்ளும் வேலை வலது கீழறையின் தலையில் விழுந்தது. அது அதற்காகப் படைக்கப்பட்டதல்ல, வருடங்கள் போகக் களைத்துவிடும். 1975இல் பிரேசிலின் ஜட்டேனே நாடிகளையே வெட்டி இடம்மாற்றித் தைத்தார். இருதயத்துக்கே இரத்தம் கொடுக்கும் மெல்லிய முடியுரு நாடிகளையும் பெயர்த்து நடவேண்டும். பச்சைக் குழந்தையில் அவற்றின் அகலம் ஓரிரு மில்லிமீற்றர்தான்.

இலண்டன் கிரேட் ஓர்மண்ட் வீதிச் சிறுவர் வைத்தியசாலை பழைய முறையிலிருந்து புதியதற்கு மாறியபோது நடந்ததை, கத்தரின் புல்லும் சக வைத்தியர்களும் 2000இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினார்கள். 1978 முதல் 1998 வரை அங்கே வந்த 325 குழந்தைகளின் கணக்கு அது. பழைய முறையில் இறப்பு நூற்றுக்கு 6. புதிய முறையில் முதல் எழுபது குழந்தைகளில் நூற்றுக்கு 25. பழகிய பிறகு 5க்கும் கீழ். நீண்டகால ஆயுளைப் பார்த்தால் புதியதே மேல். ஆகவே மாறியது சரி. அந்த முதல் எழுபதில் தன் பிள்ளையும் ஒன்றாக இருக்க எந்தத் தாய் சம்மதிப்பாள்? கட்டுரையைப் பல தடவை வாசித்திருக்கிறேன். அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவேன்.

அதே வைத்தியசாலையின் மார்க் டி லெவால் அதற்கு முன்பே, 1994இல், இன்னும் துணிவான ஒன்றைச் செய்திருந்தார். தான் செய்த 104 சத்திரசிகிச்சைகளை வரிசையாக வைத்து எண்ணினார். முதல் ஐம்பது வரை மிக நன்றாகப் போனது, பிறகு தோல்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. விதியா, தன் கையா? தொழிற்சாலைகளில் பொருட்களின் தரம் வழுவுவதைக் கண்டுபிடிக்கும் கணிதத்தைப் புள்ளியியலாளர் டேவிட் ஸ்பீகல்ஹால்டரின் துணையுடன் தன் கணக்கின்மேல் போட்டுப் பார்த்தார். இறந்த பிள்ளைகளை மட்டுமல்ல, மயிரிழையில் தப்பிய பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார். தற்செயல் அல்ல என்று தெரிந்ததும், புகழின் உச்சியில் இருந்தவர், குறைவாக இழந்த சக நிபுணர் ஒருவரிடம் போய் மீண்டும் பழகினார். தோல்விகள் குறைந்தன. எல்லாவற்றையும் தன் பெயரிலேயே வெளியிட்டார். பிறகு பிரித்தானியாவின் 16 நிலையங்களில் 21 நிபுணர்கள் செய்த 243 சத்திரசிகிச்சைகளை அருகிருந்து கவனிக்கவைத்து அவர் வெளியிட்ட ஆய்வில் தெரிந்தது: பெரிய பிழைகளை அணி பெரும்பாலும் கண்டு திருத்திவிடுகிறது, யாரும் பொருட்படுத்தாத சின்னச் சின்ன இடறல்கள் சேர்ந்துதான் பிள்ளையைக் கொண்டுபோகின்றன.

அதே வருடங்களில் பிரிஸ்டலில் எதிர்மாறாக நடந்தது. மயக்க மருந்து நிபுணர் ஸ்டீவன் போல்சின் இறப்புகளை எண்ணிக் காட்டினார், கேட்பாரில்லை. 1995 ஜனவரியில் எச்சரிக்கையையும் மீறி இதே சத்திரசிகிச்சை செய்யப்பட்ட ஒரு குழந்தை இறந்த பிறகுதான் கதவு திறந்தது. போல்சின் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். 2001இல் வந்த கென்னடி அறிக்கை, 1991-95 காலத்தில் எதிர்பார்க்கக்கூடியதைவிட ஒரு வயதுக்குட்பட்ட 30 முதல் 35 பிள்ளைகள் அங்கே அதிகமாக இறந்ததாகச் சொன்னது. அவர்களின் பெற்றோரும் ஏதோ ஓர் அறையில் இருந்து தலையாட்டியவர்கள்தாம்.

எண்ணத் தொடங்கிவிட்டால் போதும் என்பதுமில்லை. கடினமான நோயாளிகளை ஏற்கும் நிலையத்தில் இழப்பும் கூடவே இருக்கும். அதனால் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் கணிதவியலாளர்கள் ஒவ்வொரு பிள்ளையின் வயது, எடை, நோய் எல்லாவற்றையும் கணக்கில் எடுக்கும் முறை ஒன்றை உருவாக்கினார்கள். நிலையங்களை ஒன்றோடொன்று ஒப்பிடாமல், அந்தந்த நிலையத்தில் எதிர்பார்க்கக்கூடியதோடு ஒப்பிடுவது அது. 2013இல் லீட்ஸ் நிலையத்தின் சத்திரசிகிச்சைகள், குறைபாடான தரவுகளை நம்பிச் சில நாட்கள் நிறுத்தப்பட்டதும் நினைவிருக்கும். இன்று பிரித்தானியாவில் பிள்ளைகளின் இருதய சத்திரசிகிச்சைக்குப் பின் 30 நாள் தப்புவோர் நூற்றுக்கு 97ஐத் தாண்டிவிட்டனர். கணக்கு எல்லோரும் பார்க்க வெளியிடப்படுகிறது.

போன வருடம் அந்தப் பிள்ளையின் கலியாண வரவேற்பு ஹரோவில் நடந்தது. உயரமான பெடியன், சட்டைக்குள் நெஞ்சில் நீளமான தழும்பு இருக்கும். தாய் என்னை அடையாளம் கண்டு கிட்ட வந்தாள். இத்தனை வருடமாய்ச் சுமந்ததை அன்று சொல்லிவிட நினைத்தேன்.

"தங்கச்சி, நீங்கள் அண்டைக்குக் கேட்டதை நான் அவரிட்டக் கேக்கேல்லை."

"அது எனக்கு அண்டைக்கே தெரியும் அண்ணை," என்றாள். "எத்தினை எண்டு கேட்டால் ஆராவது யெஸ் எண்டு சொல்லுவினமோ?"