மாண்டரின் வாத்து அணி

மாண்டரின் வாத்து அணி என்பது 16ஆம் நூற்றாண்டில் மிங் பேரரசின் படைத்தலைவர் சீ ஜிகுவாங் (1528–1588) சீனக் கடற்கரைப் போர்களில் பயன்படுத்திய சிறு காலாட்படை அமைப்பு. பன்னிரண்டு பேர் கொண்ட இந்தக் குழுவில் கேடயம், கிளைமூங்கில், ஈட்டி, சூலம் ஆகியவை ஒன்றுக்கொன்று துணையாக நின்றன. வீரர்கள் இரு வரிசையாக, இணை இணையாக நின்றதால், இணைபிரியாதவையாகச் சீனர்கள் கருதும் வாத்தின் பெயர் இதற்கு அமைந்தது.

பின்னணி

1550களில் செஜியாங், ஃபூஜியான் மாகாணக் கரையோர ஊர்களை வொகோ எனப்பட்ட கடற்கொள்ளையர் சூறையாடினர். இவர்களை ஜப்பானியர் என்று சொல்வது வழக்கம். உண்மையில் பெரும்பகுதியினர் சீனர்களே. மிங் அரசு கடல் வாணிகத்துக்கு விதித்திருந்த தடை பல வணிகர்களைக் கள்ளக்கடத்தலுக்கும் கொள்ளைக்கும் தள்ளியிருந்தது. ஆனால் கொள்ளையரின் முன்னணியில் நின்ற ஜப்பானிய வாள்வீரர்கள்தான் மிங் படையினரை நடுங்க வைத்தனர். இரு கையாலும் பிடித்து வீசும் அவர்களுடைய நீண்ட வாளுக்கு எட்டும் தொலைவும் அதிகம், வேகமும் அதிகம். பரம்பரை முறையில் சேர்க்கப்பட்ட மிங் காவற்படையோ பயிற்சியும் சம்பளமும் இன்றி நலிந்து கிடந்தது. வாள்வீரர்கள் சிலர் பாய்ந்து வந்தாலே பெரிய வரிசைகள் சிதறின.

1555இல் செஜியாங்குக்கு மாற்றப்பட்ட சீ ஜிகுவாங், இருக்கும் படையைச் சீர்திருத்தி முன்னேற முடியாது என்று கண்டுகொண்டார். 1559இல் யீவூ மலைப்பகுதியின் உழவர்களையும் சுரங்கத் தொழிலாளர்களையும் புதிதாகச் சேர்த்தார். நகரத்தில் வளர்ந்த நயமான பேச்சுக்காரர்களை அவர் வேண்டாம் என்றார். கை காய்த்து, வெயிலில் கறுத்த நாட்டுப்புறத்தாரே அவருக்குத் தேவைப்பட்டனர். தனித்தனியே வாட்போர் செய்தால் இவர்கள் தோற்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே தனியாளின் திறமையை நம்பாத ஓர் அணியை உருவாக்கினார். சீ ஜிகுவாங்கின் பெருமை இந்த முடிவில்தான் இருக்கிறது.

அமைப்பும் ஆயுதங்களும்

தலைவர் ஒருவர் முன்னே நிற்பார். அடுத்து இரண்டு கேடயக்காரர்கள், இரண்டு கிளைமூங்கில்காரர்கள், நான்கு ஈட்டிக்காரர்கள், இரண்டு சூலக்காரர்கள். கடைசியில் சமையற்காரர் ஒருவர்.

கேடயங்களில் ஒன்று ஆளை மறைக்கும் நீண்ட பலகை. மற்றது எடை குறைந்த வட்டப் பிரம்புக் கேடயம். பிரம்புக் கேடயக்காரரிடம் எறியீட்டியும் இடைவாளும் உண்டு. எதிரி நெருங்கியதும் முதலில் எறியீட்டியை வீசுவார். எதிரி அதைத் தட்டிவிடக் கவனம் திருப்பும் நொடியில் கேடயத்தின் கீழ் குனிந்து, வாளோடு பாய்வார்.

அணியின் விசித்திரமான ஆயுதம் லாங்சியான் எனப்பட்ட கிளைமூங்கில். ஏறக்குறைய ஐந்து மீட்டர் நீள மூங்கிலை, பக்கக் கிளைகளைக் கழிக்காமல் வெட்டி, நுனியில் இரும்பு முனை பொருத்துவார்கள். பசிய கிளைகள் வாளின் வீச்சை வாங்கிக்கொண்டு வளையுமே தவிர எளிதில் அறுபடா. இதைக் கொண்டு எதிரியைக் கொல்வது கடினம். அவரைத் தள்ளி நிறுத்துவதே இதன் வேலை. வீரரின் முகத்தையும் உடலையும் கிளைகள் மறைப்பதால் கோழைக்கும் தைரியம் வரும் என்று சீ ஜிகுவாங் கருதினார். ஆயினும் கனம் காரணமாக, உடல்வலு மிக்கவர்களுக்கே இதைக் கொடுத்தார்.

கொல்லும் வேலை ஈட்டிக்காரர்களுடையது. கிளைமூங்கிலில் சிக்கித் தடுமாறும் எதிரியை அவர்கள் குத்துவார்கள். நீண்ட ஈட்டியின் முனையைத் தாண்டி எவரேனும் உள்ளே புகுந்துவிட்டால் ஈட்டிக்காரர் கையறுநிலையில் நிற்பார். அந்த இடைவெளியை அடைக்கவே குறுகிய சூலம் பின்னால் நின்றது. அதன் கவைகளின் மேல் வெடிமருந்து அம்புகளை வைத்து ஏவவும் முடிந்தது.

நெல்வயல் வரப்பும் ஒற்றையடிப் பாதையும் நிறைந்த தென்சீனத்தில் பெரிய வரிசைகளை விரிக்க இடமில்லை. இடத்துக்கேற்ப இந்தக் குழு இரண்டாகவோ மூன்றாகவோ பிரிந்தும் போரிட்டது.

ஒழுங்கு

வீரருக்கு ஆயுதத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. வயதையும் உடலையும் சுபாவத்தையும் பார்த்து அதிகாரியே கொடுத்தார். தண்டனை குழு முழுவதற்கும் பொதுவானது. தலைவரைப் போரில் சாகவிட்டு, எதிரியையும் கொல்லாமல் திரும்பிய குழுவினருக்கு மரண தண்டனை விதிக்க விதி இருந்தது. கொடிய விதி என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒருவர் ஓடினால் பக்கத்தில் நிற்பவர் செத்துப்போகும் அமைப்பு இது என்பதையும் சேர்த்தே அதை எடைபோட வேண்டும்.

போர்களும் தாக்கமும்

1561இல் தைசோ பகுதியில் இந்தப் படை மிகக் குறைந்த இழப்போடு தொடர்ந்து வென்றது. 1562இல் ஃபூஜியானின் ஹெங்யூ தீவைத் தாக்கியபோது, நீர் வற்றிய நேரத்தில் வைக்கோல் கட்டுகளைச் சேற்றில் பரப்பியபடியே வீரர்கள் கரையேறினர். 1563இல் யூ தாயூ போன்ற தளபதிகளோடு இணைந்து பிங்ஹாயிலும் வெற்றி கிடைத்தது.

பின்னர் வடக்கே பெருஞ்சுவர்க் காவலுக்கு அனுப்பப்பட்ட சீ ஜிகுவாங், மங்கோலியக் குதிரைப்படைக்கு எதிராகப் போர்வண்டிகளையும் பீரங்கிகளையும் முதன்மைப்படுத்தினார். தென்சீன வயல்களுக்கு வகுத்த முறையைத் திறந்த சமவெளியில் அப்படியே திணிக்காதது அவருடைய தெளிவைக் காட்டுகிறது. அவரை ஆதரித்த அமைச்சர் சாங் ஜூசெங் 1582இல் இறந்தபின் சீ ஜிகுவாங் பதவியிறக்கப்பட்டு, வறுமையில் மறைந்தார்.

அவர் 1560இல் எழுதிய ‘ஜிசியாவ் சின்ஷு’ என்ற பயிற்சி நூல், 1592இல் தொடங்கிய ஜப்பானியப் படையெடுப்பின்போது கொரியாவுக்குச் சென்றது. கொரிய அரசு அதைக் கொண்டு தன் காலாட்படையைப் புதிதாகப் பழக்கியது. 1790இல் அங்கே தொகுக்கப்பட்ட ‘முயேதோபோதொங்ஜி’ என்ற போர்க்கலை நூலிலும் கிளைமூங்கில், பிரம்புக் கேடயம், சூலம் மூன்றுக்கும் படங்களோடு பயிற்சிமுறை தரப்பட்டுள்ளது.