தஞ்சாவூர் வீட்டில் லிஃப்ட்: ஒரு பத்தாய மூலையின் கதை

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீட்டில் லிஃப்ட் வைக்க இடம் தேடினால் முதலில் தெரிய வருவது ஒன்றுதான்: அந்த வீடு மேலே ஏறி வாழ்வதற்காகக் கட்டப்பட்டதே இல்லை.

கொஞ்ச நாளாக எங்கள் பூர்வீக வீட்டில் டேப்பும் கையுமாக அலைந்துகொண்டிருக்கிறேன். அம்மாவுக்கு 74 வயசு. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. இருப்பது மாடியில். 1986-ல் நடந்த பாகப்பிரிவினையில் கீழ்த்தளம் பெரியப்பாவுக்கு, மாடி அப்பாவுக்கு என்று ஆனது. அப்பா இப்போது இல்லை. கோயில், டாக்டர், கல்யாணம், கருமாதி எல்லாமே அம்மாவுக்கு 17 படிக்குக் கீழே இருக்கிறது. போன தீபாவளிக்குப் பிறகு அவர் தெருவில் இறங்கியது நான்கு தடவை.

லிஃப்டுக்காக அளக்க ஆரம்பித்தவன் சோழர் செப்பேடு, நிலச்சட்டம் என்று எங்கெங்கோ போய்விட்டேன். அந்தக் குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

படுத்திருக்கும் வீடு

டெல்டா வீடு நிற்கிற வீடு இல்லை, படுத்திருக்கிற வீடு. முகப்பு 15, 20 அடி இருக்கும். நீளம் பல வீடுகளில் 100 அடியைத் தாண்டும். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், இரண்டாம் கட்டு, அடுக்களை, கிணறு, கொல்லை என்று ஒரே கோட்டில் போகும். தெருவாசலில் நின்றால் கொல்லைக் கதவு தெரியும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். வெளிச்சமும் காற்றும் வர முற்றம் ஒன்றுதான் வழி.

இதைப் பார்க்க விரும்பினால் கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் இருக்கும் கணிதமேதை ராமானுஜன் வீட்டுக்குப் போகலாம். சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதை வாங்கிப் பராமரிக்கிறது. 2003-ல் நினைவகமாகத் திறந்தார்கள். சின்ன வீடு. பத்து நிமிஷத்தில் சுற்றி வந்துவிடலாம். ஆனால் எந்த வயசுக்காரரும் கூடத்திலிருந்து கிணற்றடி வரை படியேறாமல் போகலாம் என்பதைக் கவனியுங்கள். வயசானவர்களின் இடம் திண்ணை அல்லது ரேழி. தெரு அவர்களைத் தேடி வந்தது.

மாடி கட்டுவது ஒரு சலுகை

நம் ஊரில் உயரமாகக் கட்டத் தெரியாமல் இல்லை. பெரிய கோயில் விமானம் 200 அடிக்கு மேல், 1010-ல் முடிந்துவிட்டது. ஆனால் சாதாரண மனிதர் வீட்டின் மேல் இன்னொரு தளம் எழுப்புவது வேறு விஷயம்.

ஆனைமங்கலம் செப்பேடு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். லெய்டன் பெரிய செப்பேடு என்பதும் அதுதான். நாகப்பட்டினத்தில் இருந்த சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் தன் 21-ம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்த ஆவணம். நிலத்தோடு சேர்த்து என்னென்ன உரிமைகள் தருகிறோம் என்று அதில் ஒரு நீண்ட பட்டியல் வருகிறது. கிணறு தோண்டலாம், தென்னந்தோப்பு வைக்கலாம், பெரிய செக்கு நாட்டலாம். அந்த வரிசையிலேயே, சுட்ட செங்கல்லால் மாட மாளிகை எடுக்கலாம் என்பதும் இருக்கிறது. அரசன் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது என்றால், அது எல்லோருக்கும் தானாகக் கிடைத்த உரிமை இல்லை என்றுதானே அர்த்தம்?

கொங்கு நாட்டுக் கம்மாளர் கல்வெட்டும் இதையே இன்னொரு பக்கத்திலிருந்து சொல்கிறது. இரட்டைச் சங்கு ஊதலாம், செருப்புப் போட்டுக்கொள்ளலாம், வீட்டுக்குச் சாந்து பூசலாம் என்று அரசன் அனுமதி தருகிறான். வீடு கட்டுகிற கைக்கே தன் வீட்டுச் சுவரைப் பூச அனுமதி தேவைப்பட்டிருக்கிறது.

‘மெத்தை வீட்டுக்காரர்’ என்று நம் பக்கம் சொல்வார்களே, அந்த மரியாதைக்குப் பின்னால் இவ்வளவு நீண்ட கதை இருக்கிறது.

மெத்தையில் இருந்தது யார்?

ஆனால் மெத்தை கட்டியவர்களும் மெத்தையில் வாழவில்லை. எங்கள் வீட்டு மாடி அறை பெரிய தாத்தா காலத்தில் பரீட்சைக்குப் படிக்கும் பையன்களுக்கும், கல்யாணத்துக்கு வந்து தங்குபவர்களுக்கும், பழைய பாத்திரங்களுக்கும்தான். மொட்டை மாடி வடாம் காய. அதனால்தான் படி அப்படி இருக்கிறது: இரண்டு சுவருக்கு நடுவே இரண்டரை அடி அகலம், ஒவ்வொரு படியும் பத்து அங்குல உயரம், பிடித்து ஏற மேலிருந்து தொங்கும் ஒரு கயிறு. பதினெட்டு வயசுப் பையனுக்குக் கட்டிய படி அது.

இது நமக்கு மட்டும் உரியது இல்லை. பாரிஸ் நகரத்துப் பழைய அடுக்கு வீடுகளில் பணக்காரர்கள் கீழ்த் தளங்களில் இருந்தார்கள். கூரைக்கடியில் இருந்த அறைகள் வேலைக்காரர்களுக்கும் ஏழைகளுக்கும். லிஃப்ட் வந்துதான் இதைத் தலைகீழாக்கியது. கயிறு அறுந்தாலும் கீழே விழாத லிஃப்டை எலிஷா ஓடிஸ் நியூயார்க்கில் மக்கள் முன்னால் காட்டியது 1854-ல். 1857-ல் அதே ஊரில் ஒரு கடையில் ஆட்கள் ஏறும் லிஃப்ட் வந்தது. 1880-ல் சீமென்ஸ் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் மின்சார லிஃப்டை ஓட்டிக் காட்டினார். இந்தியாவின் முதல் லிஃப்ட் என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1892-ல் கல்கத்தா கவர்னர் ஜெனரல் மாளிகையில், பின்னாளில் ராஜ்பவன் என்று அழைக்கப்பட்ட கட்டடத்தில், வைத்தது.

இங்கேயும் லிஃப்ட் அரண்மனை வழியாகத்தான் நுழைந்தது. தஞ்சாவூர்த் தெரு வீட்டுக்கு அது தேவைப்பட்டதே இல்லை. பாகப்பிரிவினையில் வீட்டை நீளவாக்கில் கிழிக்க முடியாமல், கீழே ஒருவர் மேலே ஒருவர் என்று பிரித்தபோதுதான் தேவை பிறந்தது. 20 அடி முகப்பை இரண்டாக வெட்டினால் பத்தடியில் யார் இருப்பது? அதனால் பையன்கள் படித்த மாடி ஒரு குடும்பம் நடத்தும் வீடாயிற்று. படி மட்டும் மாறவில்லை.

நான்கு இடங்கள்

சரி, இடத்துக்கு வருவோம். மூன்று பேர் போகும் சின்ன லிஃப்டுக்குக் கேபினைச் சுற்றிச் சட்டம், தண்டவாளம் எல்லாம் சேர்த்துச் சுமார் நாலரை அடிக்கு நாலரை அடி வேண்டும். (லிஃப்ட் கணக்கில் ஒரு ஆள் என்றால் 68 கிலோ.) சக்கர நாற்காலி நுழைய வேண்டுமென்றால் கேபினே 1100-க்கு 1400 மில்லிமீட்டர் இருப்பது நல்லது. அதாவது ஐந்தடிக்கு ஐந்தரை அடி இடம்.

முதலில் எல்லோர் கண்ணும் போவது முற்றத்துக்கு. மேலே உடைக்கத் தளம் இல்லை, வேலை சுலபம். வந்து பார்த்த இரண்டு பேரும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் எங்கள் முற்றம் ஆறடிக்கு எட்டடி. அதில் லிஃப்டை நிறுத்தினால் கூடத்திலும் இரண்டாம் கட்டிலும் பகலிலேயே விளக்குப் போட வேண்டும். ஐப்பசி அடைமழையில் நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் அங்கேதான் வந்து விழும்.

இரண்டாவது, மாடிப்படியை இடித்துவிட்டு அந்த இடம். இரண்டரை அடிச் சந்து போதாது. தவிர, கரண்ட் போனால் இறங்கப் படி வேண்டும்.

மூன்றாவது, கொல்லைப்புறம் வெளியே. இடம் தாராளம். ஆனால் அம்மா அடுக்களை, இரண்டாம் கட்டு, கூடம் எல்லாம் கடந்து அண்ணன் வீட்டுக்குள்ளேயே நடந்துதான் தெருவுக்கு வர வேண்டும். அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நடுவில் போவதற்கு அம்மா ஒருநாளும் சம்மதிக்க மாட்டார்.

நான்காவது, ரேழி தாண்டியதும் கூடத்தின் வலது மூலை. அங்கே பத்தாயம் நிற்கிறது. பலகைகளை அடுக்கடுக்காகக் கோத்து நிறுத்திய தேக்குப் பத்தாயம். மேலே ஏணி வைத்து நெல் கொட்டுவார்கள்; கீழே சின்னத் திறப்பு வழியாக எடுப்பார்கள். அளந்தேன். ஐந்தடிக்கு ஐந்தரை அடி.

யோசித்தால் இது தற்செயல் இல்லை. ஜன்னல் வேண்டாத மூலை, இரண்டு பக்கம் கனமான சுவர், பல டன் எடையைத் தாங்க இறுக்கிய தரை, ஈரம் ஏறாதபடி உயர்த்திய மேடை, மூட்டை தூக்கி வருபவர் வாசலிலிருந்து நேராக வரும் வழி. பத்தாயத்துக்கு வேண்டியதும் லிஃப்டுக்கு வேண்டியதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பத்தாயம் ஏன் காலியானது?

எனக்கு நினைவு தெரிந்து அதில் நெல் இருந்ததில்லை. பழைய செய்தித்தாள், கொலு பொம்மைப் பெட்டி, உடைந்த ரேடியோ. காரணத்தைத் தேடினால் தஞ்சாவூரின் ஐம்பது வருஷ வரலாறு கிடைக்கிறது.

1952-ல் தஞ்சை குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1956-ன் நியாயக் குத்தகைச் சட்டம் நஞ்சையில் நிலக்காரர் பங்கை விளைச்சலில் 40 சதவீதம் என்று வரையறுத்தது. 1961-ல் உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர். 1970-ல் அது 15. சட்டம் தானாகவும் வரவில்லை, தானாகவும் நடக்கவில்லை. கூலி நெல் உயர்வு கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பத்தாயத்தைப் பற்றி எழுதிவிட்டு இதைத் தாண்டிப் போக முடியாது. ஏணி வைத்து அதை நிரப்பியவர்கள் அந்த மாதிரிக் குடிசைகளிலிருந்து வந்தவர்கள்.

அதோடு விவசாயமும் மாறியது. 1960-களில் குறுகிய காலப் பயிர் பரவியது. குறுவை அறுவடை மழைக்குள் மாட்டும். ஈர நெல்லை வீட்டில் வைக்க முடியாது, உடனே விற்க வேண்டும். 1972-ல் நுகர்பொருள் வாணிபக் கழகம் உருவானது. நெல் களத்திலிருந்து நேரே கொள்முதல் நிலையத்துக்குப் போக ஆரம்பித்தது. வீட்டுக்குள் நெல் வருவது நின்றது. இன்று எனக்குக் கிடைக்கிற ஐந்தடி இடம் அப்படித்தான் காலியானது.

இப்போதைய நிலவரம்

இடம் கிடைத்தாலும் அது எங்கள் இடம் இல்லை. பத்தாய மூலை பத்திரப்படி பெரியப்பா பாகம். இப்போது அண்ணனுடையது. நான் தயங்கித் தயங்கிக் கேட்டபோது அவர் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டார். “சித்தி கீழ வரட்டும்டா. ஆனா எழுதி வச்சுக்கலாம். நாளைக்கு என் பசங்களும் உன் பசங்களும் சண்டை போடக் கூடாது” என்றார். சரிதான். யார் இடம், யார் பராமரிப்பு, வீட்டை விற்றால் என்ன ஆகும் என்று மூன்று பக்க ஒப்பந்தம் தயாராகிறது. ராஜராஜன் எழுதிக் கொடுத்தது போல, மேலே போவதற்கு இன்னமும் எழுத்து வேண்டியிருக்கிறது. அரசாங்கத்திடமும்தான்: 1997-ன் தமிழ்நாடு லிஃப்ட் சட்டப்படி அமைக்கவும் இயக்கவும் உரிமம் வாங்க வேண்டும்.

தொழில்நுட்பத்தில் மூன்று விஷயம், இதே மாதிரி வீடு வைத்திருப்பவர்களுக்கு:

ஆழமான பள்ளம் வேண்டாம். சாதாரண லிஃப்டுக்குக் கீழே நாலைந்து அடி தோண்டச் சொல்வார்கள். ஆற்றில் தண்ணீர் வரும் மாதங்களில் நம் மண்ணில் அந்த ஆழத்தில் ஊற்று எடுக்கலாம். அரையடி, ஓரடிப் பள்ளத்தில் நிற்கிற வீட்டு லிஃப்டுகள் இருக்கின்றன. பத்தாய மேடையை எடுத்தாலே அந்த அளவு கிடைக்கும்.

சுவரை நம்ப வேண்டாம். சுண்ணாம்புச் சாந்துச் சுவர் ஒன்றரை அடி கனம் இருந்தாலும் போல்ட் பிடிப்பு நிச்சயம் இல்லை. தன் காலில் நிற்கிற இரும்புச் சட்டகமாகக் கேளுங்கள்.

கூரையை வெட்டுமுன் பொறியாளரைக் கூப்பிடுங்கள். மெட்ராஸ் டெரஸ் தளத்தில் ஐந்தடி திறந்தால் இரண்டு மூன்று தேக்குக் கட்டைகள் அறுபடும். அறுத்த முனைகளைத் தாங்க இரும்பு பீம் முதலில் போட வேண்டும், அறுப்பது பிறகு.

பத்தாயத்தைப் போன வாரம் பிரித்தோம். ஆசாரி ஒவ்வொரு பலகையிலும் சாக்பீஸால் எண் போட்டிருக்கிறார், மொத்தம் 31. அண்ணன் அதில் ஊஞ்சல் பலகை ஒன்று கேட்டிருக்கிறார். மிச்சத்தை என்ன செய்வதென்று முடிவாகவில்லை. உங்கள் வீட்டில் பத்தாயம் எந்தக் கட்டில், எந்த மூலையில் நின்றது, அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். ஒரு பட்டியல் போட்டுப் பார்க்க ஆசை.