படத்துக்காக உறங்கும் குழந்தை

விஞ்ஞான வரலாறு பெரும்பாலும் கருவிகளைக் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. 1895இல் றொன்ற்கன் எக்ஸ் கதிரைக் கண்டதும், 1971இல் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.ரி. பொறி லண்டன் அற்கின்சன் மோர்லி வைத்தியசாலையில் முதல் நோயாளியின் மூளையைப் படம்பிடித்ததும், 1980இல் அபடீன் நகரில் எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்தப் பொறி ஒருவரது முழு உடலையும் படமாக்கியதும் நூல்களில் இடம்பெற்றுவிட்டன. 1979ஆம், 2003ஆம் ஆண்டுகளில் நோபல் பரிசுகளும் இத்துறையினரை வந்தடைந்தன. ஆனால், அப்பொறியினுள் கிடத்தப்பட்ட குழந்தையின் அருகில் நின்றவர் யார் என்ற வினாவை இவ்வரலாறு எழுப்புவதில்லை.

1846இல் ஈதர் வைத்தியத்துறையில் புகுந்தது நோவை அகற்றுவதற்காகவே. படம்பிடித்தலில் நோவில்லை, கத்தியுமில்லை. அங்கே அசைவின்மையைக் கோருவது பொறியேயாகும். தொடக்க கால எக்ஸ் கதிர்த் தகட்டுக்குப் பல நிமிடங்கள் வேண்டியிருந்தன. முதல் சி.ரி. பொறியோ ஒவ்வொரு படத்துக்கும் ஏறத்தாழ 5 நிமிடம் எடுத்தது. காந்தப் பொறியில், சம்மட்டி அடிப்பது போன்ற பேரோசைக்கு நடுவே, அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை அசையாது கிடக்க வேண்டும். இரண்டு வயதுக் குழந்தையிடம் இதனை எதிர்பார்க்க முடியுமா? ஆகவே, குழந்தை மருந்தினால் உறங்கவைக்கப்பட்டது. நோயாளிக்காகப் பொறி என்ற நிலை மாறி, பொறிக்காக நோயாளி உறங்கும் நிலை இவ்வாறு தோன்றிற்று.

இவ்வுறக்கத்தை எல்லோரும் அற்பமான காரியமாகவே கருதினர். சத்திரசிகிச்சைக் கூடத்திலே, மயக்க மருந்தை மட்டும் கவனிக்கும் ஒருவர் இருத்தல் வேண்டும் என்ற மரபு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜோன் ஸ்னோ போன்றோரின் காலத்திலிருந்தே வேரூன்றத் தொடங்கியிருந்தது. படப்பிடிப்பு அறைக்கோ அத்தகைய மரபு இருக்கவில்லை. 1869 முதல் வழக்கிலிருந்த குளோரல் ஐதரேற்று என்னும் மருந்தினை வைத்தியர் எழுதிக் கொடுப்பார். தாதி அளந்து புகட்டுவார். தொழில்நுட்பவியலாளர் படம் எடுப்பார். சில வேளைகளில் தாயே வீட்டில் மருந்தைக் கொடுத்து அழைத்து வருவதுமுண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருந்தது. குழந்தையின் மூச்சைப் பார்த்திருப்பது எவருடைய வேலையாகவும் இருக்கவில்லை. ஆழ்ந்த மயக்கத்தில் நாவும் தாடையும் தளர்ந்து சின்னஞ்சிறு மூச்சுக்குழலின் வாயில் அடைபடலாம். சிற்றுடலிலுள்ள ஒட்சிசன் இருப்போ விரைவில் தீர்ந்துவிடும். பொறியின் குகைக்குள் கிடக்கும் பிள்ளையின் உதடு நீலம் பூப்பதை வெளியே நிற்பவர் காண்பதரிது.

ஐக்கிய அமெரிக்காவில் பல் வைத்தியரின் இருக்கையில் குழந்தைகள் சிலர் மயக்க மருந்தினால் இறந்ததைத் தொடர்ந்து, 1985இல் அந்நாட்டுக் குழந்தை வைத்தியர் கழகம் விதிகளை வகுத்தது. ஆழ்ந்த உறக்கத்திலுள்ள குழந்தையைக் கவனிப்பதற்கென்றே, வேறு பொறுப்பெதுவும் இல்லாத ஒருவர் இருத்தல் வேண்டும் என்பதே இவ்விதிமரபின் உயிர்நாடி. விதி எழுதப்பட்டதால் மட்டும் வழக்கம் மாறிவிடவில்லை. சார்ள்ஸ் கோட்டேயும் அவரது குழுவினரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய உறக்கத்தில் நேர்ந்த 95 விபத்துக்களை ஆராய்ந்தது. அவற்றுள் 51 மரணத்தில் முடிந்தன. 9 குழந்தைகளுக்கு நிரந்தர நரம்புப் பாதிப்பு. எந்தவொரு மருந்தையும் தனியே குற்றவாளியாக்க முடியவில்லை. மிகை அளவு, பல மருந்துகளின் கலப்பு, கண்காணிப்பின்மை, மூச்சு நின்றபோது மீட்கத் தெரியாமை ஆகியனவே திரும்பத் திரும்பக் காணப்பட்டன.

2001 யூலையில் நியூயோர்க்குக்கு அண்மையில் நடந்த சம்பவம் இன்னும் கொடிது. மூளைக்கட்டிக்குச் சத்திரசிகிச்சை பெற்ற 6 வயதுச் சிறுவன் ஒருவன் காந்தப் பொறியினுள் உறக்க மருந்துடன் கிடத்தப்பட்டிருந்தான். அவனது ஒட்சிசன் அளவு வீழ்ந்தது. அறையிலிருந்த ஒட்சிசன் குழாய் இயங்கவில்லை. மயக்க மருந்து வைத்தியர் ஒட்சிசன் கேட்டுக் குரல் கொடுத்தார். அக்குரல் கேட்ட தாதி ஒருவர் அருகிலிருந்த சிலிண்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். அது உருக்கினால் ஆனது. காந்தம் அதனைக் கவர்ந்திழுக்க, அது பறந்து சென்று சிறுவனின் தலையைத் தாக்கிற்று. இரு நாட்களின் பின் அவன் இறந்தான். அங்கே அன்பு குறைவாக இருந்ததென்று கூற முடியாது. எல்லோரும் அவனைக் காப்பாற்றவே ஓடினர். மயக்கத்தை அறிந்தவர், தாதி, காந்தத்தை அறிந்த தொழில்நுட்பவியலாளர் ஆகிய மூவகையினரின் அறிவும் அந்த ஒரு கணத்தில் ஒன்றுசேரவில்லை. தாதியின் கையைச் சுட்டிக்காட்டுவது எளிது. அவருக்கு அந்த அறையின் இயல்பைக் கற்பிக்கும் கடமை யாருடையது என்று கேட்பது அத்துணை எளிதன்று. அடுத்த ஆண்டிலே அமெரிக்கக் கதிரியல் கல்லூரி காந்தப் பொறியைச் சூழவுள்ள இடத்தை நான்கு வலயங்களாகப் பிரித்து, பயிற்சி பெறாதோர் உள்ளே நுழைவதைத் தடுக்கும் நெறிகளை வெளியிட்டது.

இனி இன்னொரு கணக்கை நோக்குவோம். 2006இல் கிரவெரோவும் தோழர்களும் 26 நிலையங்களில், சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வெளியே நிகழ்ந்த 30,037 குழந்தை உறக்கங்களைப் பதிவுசெய்து வெளியிட்டனர். ஒரு மரணமேனும் இல்லை. இவை ஒழுங்கமைந்த உறக்கச் சேவைகளைக் கொண்ட நிலையங்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது. ஆயினும், ஏறத்தாழ 200 குழந்தைகளில் ஒருவருக்கு மூச்சுப் பாதையைத் திறக்கவோ சுவாசத்துக்கு உதவவோ யாரேனும் கைகொடுக்க வேண்டியிருந்தது. ஆபத்து மறைந்துவிடவில்லை; அது வந்தபோது அருகில் ஆள் இருந்தார். ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அயோயாகி 1974இல் வெளிப்படுத்திய தத்துவத்தின்படி விரல்நுனியில் மாட்டப்படும் ஒட்சிசன் மானி இப்பணியில் பெருந்துணை புரிகிறது என்பது உண்மையே. ஆனால், அம்மானியின் ஒலி கேட்டு எழுந்து வருவதற்கும் ஒரு மனிதர் வேண்டும். இலட்சக்கணக்கான டொலரில் பொறி வாங்கும் நிருவாகங்கள் அம்மனிதரின் சம்பளத்தை வீண் செலவெனக் கருதுவது, உழைப்பைவிட உடைமையை மதிக்கும் சமூகத்தில் வியப்பன்று.

இக்குழுவில் தாய்க்கும் இடமுண்டு என்பது தாமதமாகவே ஏற்கப்பட்டது. தாயைப் பிரிந்து வைத்தியசாலையில் தவிக்கும் இரண்டு வயதுச் சிறுமியை ஜேம்ஸ் றொபேட்சன் 1952இல் திரைப்படமாகக் காட்டினார். பிரித்தானியாவின் பிளாற் அறிக்கை, பெற்றோர் தடையின்றிப் பிள்ளையருகே வர அனுமதிக்க வேண்டுமென 1959இல் பரிந்துரைத்தது. பிற்காலத்தில் விளையாட்டின் வழியே பிள்ளையை ஆயத்தம் செய்வோரும் வந்து சேர்ந்தனர். பிற்ஸ்பேர்க் குழந்தைகள் வைத்தியசாலையில் படப்பிடிப்பு அறையொன்று கடற்கொள்ளையர் கப்பலாகவே தீட்டப்பட்டது. கைக்குழந்தைகளுக்கோ பல இடங்களில் இப்போது மருந்தே கொடுப்பதில்லை. படமெடுக்கும் நேரத்தைத் தொழில்நுட்பவியலாளர் குழந்தையின் பசிவேளைக்கு ஏற்ப அமைக்கிறார், தாய் பாலூட்டுகிறார், தாதி துணியால் இறுகச் சுற்றிக் காதுகளை மூடுகிறார், பிள்ளை தானாக உறங்கும்வரை பொறி காத்திருக்கிறது.