ஐஸ் ஹாக்கியில் ஃபேஸ்ஆஃப்

ஐஸ் ஹாக்கியில் நின்ற ஆட்டத்தை மீண்டும் தொடங்கும் முறை. ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் ஒவ்வொரு கோலுக்குப் பின்னும் இது மைய வட்டத்தில் நடக்கும். பிற நிறுத்தங்களுக்குப் பின் களத்தில் குறித்துள்ள ஒன்பது புள்ளிகளில் பொருத்தமான ஒன்றில். எதிரெதிரே குனிந்து நிற்கும் இருவருக்கு நடுவே நடுவர் ‘பக்’ எனும் ரப்பர் வட்டைப் பனித்தரையில் போடுவார்.

மட்டையை யார் முதலில் ஊன்றுவது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. பின்னர் ஊன்றுபவர் எதிராளியின் பிடியைப் பார்த்துத் தன் நிலையை மாற்றிக்கொள்ளலாம். வட அமெரிக்காவின் என்எச்எல் தொடரில் முன்பு எல்லாப் புள்ளிகளிலும் விருந்தினர் அணி வீரரே முதலில் ஊன்றினார். 2015–16 பருவம் முதல் அந்தக் கடமை தற்காக்கும் அணிக்கு மாறியது. மையக் கோட்டில் மட்டும் பழைய விதியே தொடர்கிறது. இந்த மாற்றம் தாக்கும் அணிக்குக் கிடைத்த நல்ல சலுகை. 2019–20 முதல், எதிரணி தண்டனையால் ஆள் குறைந்து ஆடத் தொடங்கும்போதும், தன் பாதியிலிருந்தே பக்கை எதிர்க் கோல் கோட்டுக்கு அப்பால் அடித்துவிடும் ‘ஐசிங்’ தவறுக்குப் பின்னும், எந்தப் பக்கப் புள்ளி வேண்டும் என்பதையும் தாக்கும் அணியே தேர்ந்தெடுக்கிறது.

முந்திக்கொண்டு அசைபவர் பொதுவாக விலக்கப்பட்டு, சக வீரர் ஒருவர் அவரிடத்துக்கு வருவார். அதே ஃபேஸ்ஆஃபில் அந்த அணி மறுபடி தவறினால் இரண்டு நிமிடத் தண்டனை. இந்த விலக்கலால் ஆட்டம் தாமதப்படுகிறது, தேர்ந்த இருவரின் நேர்ப்போட்டியும் கெடுகிறது. 2010இல் டொராண்டோவில் என்எச்எல் நடத்திய ஆய்வு முகாமில், தவறியவரை விலக்காமல் ஓரடி பின்னே நிறுத்தும் முறை சோதிக்கப்பட்டது. ஆளை மாற்றாமலே தவறுக்கு விலை வைக்கும் அந்த ஏற்பாடு மீண்டும் பரிசீலிக்கத் தக்கது.