‘27’ என்பது யாருடைய முகவரி? பொம்மைக் கார்களின் அலைவரிசை வரலாறு

ரிமோட் கார் ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தால், பேட்டரி இடும் அறையருகே ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும்: 27 மெகாஹெர்ட்ஸ். சிலவற்றில் 40, சிலவற்றில் 49. விரல் நீளமே உள்ள சிறு கார்களில் அதற்கும் இடமிராது. எண் ரிமோட்டின் முதுகிலோ அட்டைப்பெட்டியின் ஓரத்திலோ ஒதுங்கியிருக்கும். இரண்டு குழந்தைகள் அருகருகே விளையாடும்போதுதான் அதன் பொருள் புலப்படும். இரண்டு காரிலும் ஒரே எண் இருந்தால், ஒருவர் விசையை அழுத்த மற்றவர் கார் ஓடும். ஆகவே அந்த எண் வெறும் தொழில்நுட்பக் குறிப்பன்று. ‘இந்தச் சொல் உனக்கு’ என்று சுட்டும் முகவரி. இம்முகவரி யாரால், எப்போது, எதன் பொருட்டு எழுதப்பட்டது என்பதற்கு நூறாண்டைத் தாண்டிய வரலாறு உண்டு.

முதலில் பெயரைப் பார்க்க வேண்டும். கொல்கத்தா–சென்னை நெடுஞ்சாலையிலிருந்து திருப்பதிச் சாலை பிரியும் நாயுடுபேட்டை, தெலுங்கும் தமிழும் நெருங்கும் நிலப்பகுதியில் அமைந்த ஊர். 2022 ஏப்ரலில் நெல்லூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. அங்குத் தெலுங்குவழி இயற்பியல் படிக்கும் மாணவர் இதனைப் ‘பௌனஃபுன்யம்’ என்பார். ‘மீண்டும் மீண்டும் நிகழ்தல்’ என்று பொருள்படும் வடசொல் அது. தமிழ்நாட்டுப் பாடநூல் ‘அதிர்வெண்’ என்கிறது. எண்ணிக்கையே அங்கு முதன்மை. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களின் சொல் ‘மீடிறன்’. நாள்தோறும் என்பது நாடோறும் ஆவது போல, மீள் + திறன் என்று அதைப் பிரித்துக் காணலாம். மூன்றும் துல்லியமான சொற்கள். ஆனால் தமிழ்ப் பேச்சிலும் நாளிதழிலும் வழங்குவது நான்காவதொரு சொல்: ‘அலைவரிசை’. அது அதிர்வெண்ணையும் குறிக்கும், அதிர்வெண்கள் அடங்கிய பட்டையையும் குறிக்கும், பட்டைக்குள் ஒதுக்கப்பட்ட ஒரு தடத்தையும் குறிக்கும், தொலைக்காட்சி நிலையத்தையும் குறிக்கும். கலைச்சொல் ஆக்குவோர் இதைக் குறையாகக் கருதுவதுண்டு. பொம்மைக் காரின் வரலாறு அக்கருத்தைச் சற்றே மறுக்கிறது.

1895இல் கொல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ் கண்ணுக்குப் புலப்படாத அலைகளைச் சுவர்களினூடே செலுத்தி மணியடிக்கச் செய்தார். வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார். தொலைவிலிருந்து பொருளை இயக்கிய முன்னோடிச் செயல்களுள் அது ஒன்று. ஆனால் அந்த அலை கேட்கும் திறனுள்ள எந்தக் கருவியையும் இயக்கிவிடும். மூன்றாண்டு கழித்து நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நிக்கோலா டெஸ்லா சிறு படகு ஒன்றைக் கம்பியின்றிச் செலுத்திக் காட்டினார். அதற்கான காப்புரிமை 1898 நவம்பர் 8இல் வழங்கப்பட்டது. ரிமோட் காரின் மூதாதை எனப் பலரும் சுட்டுவது இப்படகையே. அதைவிடக் கவனத்திற்குரியது, அவர் 1900இல் விண்ணப்பித்து 1903இல் பெற்ற உரிமை. இரண்டு வேறு அதிர்வெண்கள் ஒருசேர வந்தால் மட்டுமே கருவி இயங்கும் என்பது அதன் சாரம். பூட்டுக்கு இரண்டு சாவி போல. அதே 1900 ஏப்ரலில் மார்க்கோனி, அனுப்பியையும் ஏற்பியையும் ஒத்திசைக்கும் முறைக்கு 7777 என்ற எண்ணுள்ள புகழ்பெற்ற பிரித்தானியக் காப்புரிமையைப் பெற்றார். அலையை அனுப்புவது கைவந்தபின் எழுந்த கேள்வி, அதை யாருக்கு அனுப்புவது என்பதே.

அந்தக் கேள்விக்கு விடை கண்டவர்கள் கண்டுபிடிப்பாளர்கள் மட்டுமல்லர், மாநாடுகளும்தாம். 27 என்ற எண் 1947இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய பன்னாட்டு வானொலி மாநாட்டிலிருந்து வருகிறது. மே மாதம் தொடங்கி அக்டோபர் தொடக்கம் வரை நீண்ட கூட்டம் அது. இந்தியா விடுதலை பெற்றது அதன் நடுவில். தொழிற்சாலைச் சூடேற்றிகளும் மருத்துவமனைகளில் உடற்தசைக்கு வெப்பமூட்டும் கருவிகளும் வானொலி அலைகளைக் கசியவிட்டுச் செய்தித்தொடர்பைக் கெடுத்துவந்தன. அவற்றுக்கென்று சில இடங்கள் ஒதுக்கப்பட்டன: 13.56, 27.12, 40.68. இரண்டாவது முதலாவதின் இருமடங்கு, மூன்றாவது மும்மடங்கு. ஒரு கருவியின் கசிவு இயல்பாகவே மடங்குகளில் விழும் என்பதால், விழும் இடங்களையும் சேர்த்தே ஒதுக்கிவிட்டனர். 27.12க்கு இருபுறமும் 0.6 விழுக்காடு நெகிழ்வு தரப்பட்டது. கணக்கிட்டால் 26.957 முதல் 27.283 வரை. இவ்விரு எண்களையும் நினைவில் கொள்க; இந்திய அரசிதழில் இவை மீண்டும் வரும்.

இரைச்சலுக்கென்று விடப்பட்ட புறம்போக்கு நிலம் என்பதால் அங்கு மற்றவரும் குடியேறினர். 1958இல் அமெரிக்கா அங்கிருந்த அமெச்சூர் வானொலியாளரை வெளியேற்றி, பொதுமக்கள் பேசுவதற்கு 23 தடங்களைத் திறந்தது. தொலையியக்கத்துக்கு உரியவையாக ஆறு அதிர்வெண்கள் இருந்தன: 26.995, 27.045, 27.095, 27.145, 27.195, 27.255. முதல் ஐந்தும் பேச்சுத் தடங்களுக்கு இடையில் விடுபட்ட சந்துகளில் அமைந்தவை, ஒன்றுக்கொன்று 0.050 இடைவெளி. கடைசி இடைவெளி மட்டும் 0.060. காரணம், 27.255 சந்து அன்று; 23ஆம் பேச்சுத் தடமும் அதுவே. ஆறாவது தடத்தில் பொம்மையை ஓட்டிய சிறுவன், நெடுஞ்சாலை லாரி ஓட்டுநரின் குரலோடு இடத்தைப் பகிர்ந்துகொண்டான்.

இந்த ஆறுக்கும் நிறங்கள் உண்டு: பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம். ஆண்டெனாவில் அந்நிறக் கொடியைக் கட்டிக்கொண்டு மாதிரி வண்டி ஓட்டுவோர் களத்தில் இறங்கினர். எலெக்ட்ரானிக்ஸ் மாணவர் எவரும் இவ்வரிசையை உடனே அடையாளம் காண்பர். ரெசிஸ்டர்களின் நிறக்குறியீட்டில் 1 முதல் 6 வரையிலான இலக்கங்களின் நிறங்கள் இவையே. நிறம் இங்கு இடுகுறி. ஆனால் வேறொரு குறித்தொகுதியிலிருந்து இரவல் பெற்ற இடுகுறி.

இதுவரை சொன்னதைக் கொண்டு, காரின் அடியில் உள்ள ‘27’ பிழையானது என்று முடிவு கட்டத் தோன்றும். அது ஆறு முகவரிகள் கொண்ட தெருவின் பெயரே அன்றி வீட்டு எண் அன்று. பட்டையை அதிர்வெண் என்று மயங்கி எழுதியிருக்கிறார்கள், நம் ‘அலைவரிசை’ செய்வதும் அதுவே என்று. ஆனால் காரின் உள்ளே பார்த்தால் வேறொன்று தெரிகிறது. மலிவான கார்களில் இருப்பது எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1922இல் அறிமுகப்படுத்திய மீமீளாக்க ஏற்பி. ஒற்றை டிரான்சிஸ்டரில் அடங்கும். மிக மெல்லிய அலையையும் கேட்கும். ஆனால் அதன் செவி அகன்றது. மஞ்சளுக்கும் பச்சைக்கும் உள்ள வேறுபாடு அதற்குக் கேட்காது. நிறங்கள் பயன்பட்டதெல்லாம் படிகம் பொருத்திய விலையுயர்ந்த ஏற்பிகளுக்கே. மலிவுக் காருக்குத் தெருவின் பெயர் மட்டுமே தெரியும். ஆகவே அதன் அடியில் ‘27’ என்று மட்டும் அச்சிட்டது நேர்மையான அறிவிப்பு. அலைவரிசை என்ற சொல்லின் அகன்ற பொருளும் இப்படிப்பட்ட செவிகளின் உலகில் பிறந்ததுதான்.

இக்கார்களுக்குள் ஓடும் ‘மொழி’யும் ஆராயத்தக்கது. ரியல்டெக் நிறுவனத்தின் டிஎக்ஸ்-2, ஆர்எக்ஸ்-2 என்னும் இணைச் சில்லுகள் எண்ணற்ற பொம்மைகளில் இடம்பெற்றன. ரிமோட் முதலில் நான்கு நீண்ட துடிப்புகளை அனுப்பும், பின்னர் குறுந்துடிப்புகள். குறுந்துடிப்புகளின் எண்ணிக்கையே சொல். 10 என்றால் முன்னே போ, 40 பின்னே, 58 இடம், 64 வலம், 4 என்றால் முடிந்தது. 4 முதல் 64 வரை ஆறாறாக ஏறும் பதினொரு சொற்கள், அவ்வளவே அகராதி. அந்த ஆறின் இடைவெளியால், ஓரிரு துடிப்பு இரைச்சலில் தொலைந்தாலும் பொருள் மாறிவிடாது. பின்னே போய்க்கொண்டே இடம் திரும்ப 40ஐயும் 58ஐயும் கூட்டுவதில்லை. அதற்கு 52 என்ற தனிச்சொல். புணர்ச்சியோ தொகையோ இம்மொழியில் கிடையாது.

எல்லாம் ஏவல் வினைகள். இல்லாதது விளி. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் விளிமரபு என ஓர் இயலையே விளி வேற்றுமைக்கு ஒதுக்கியது. இக்கட்டளைகளில் ‘ஏ காரே’ என்று அழைக்கும் உறுப்பே இல்லை. அழைக்கும் வேலையை அதிர்வெண் செய்கிறது. எனவேதான் ஒரே தெருவில் உள்ள எல்லாக் கார்களும் ஒரே ஏவலுக்குப் பணிகின்றன. தூரமும் கொஞ்சம் உதவியது. 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 11 மீட்டர். கால் அலைக்கே 2.8 மீட்டர் ஆண்டெனா வேண்டும். காரில் இருப்பதோ சில சென்டிமீட்டர்க் கம்பி. சிலபல அடிகளுக்கு அப்பால் செவிடாகிவிடும் அந்தக் குறைபாடே அடுத்த வீட்டுக் காரைக் காப்பாற்றியது. 2001இல் ஜப்பானின் டோமி நிறுவனம் வெளியிட்ட பிட் சார்-ஜி போன்ற விரலளவுக் கார்கள் பந்தயம் விடுவதற்கென்றே வந்தவை. அங்குத் தூரம் உதவாது. எனவே அவை வெவ்வேறு அதிர்வெண்களில் விற்கப்பட்டன. வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியதாக அந்த அடையாளம் ஆயிற்று.

இந்தியாவில் 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமமின்றி அத்தகைய கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. வீட்டு வானொலிப் பெட்டிக்கும் அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டிய காலம் 1980கள் வரை நீடித்தது. 2005இல்தான் 26.957 முதல் 27.283 வரையிலான பட்டையில் 5 வாட்டுக்கு மிகாத கருவிகளுக்கு உரிம விலக்கு அறிவிக்கப்பட்டது. அட்லாண்டிக் சிட்டியின் அதே எண்கள், 58 ஆண்டு கழித்து. விதியின் தலைப்பில் பொம்மை என்ற சொல் இல்லை. ‘குறைந்த ஆற்றல் கருவி’, ‘குடிமக்கள் அலைவரிசை’ என்றே உள்ளது. நிறங்களைப் பற்றியும் அதற்குக் கவலையில்லை. 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை இப்போது 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் எடுத்துக்கொண்டுள்ளது.

நாயுடுபேட்டையின் இருபுறமும் இதே பட்டைகளின், இதே சிக்கல்களின் பெரிய வடிவங்கள் உள்ளன. தென்மேற்கே, திருப்பதிக்கும் அப்பால், காதங்கியில் 1990களின் தொடக்கத்தில் எழுந்த வளிமண்டல ரேடார் 53 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. 49இல் ஓடும் பொம்மைக்கு அடுத்த தெரு எனலாம். 130 மீட்டர் சதுரத்தில் 1024 யாகி ஆண்டெனாக்கள். வானத்துக் காற்றின் ஏறத்தாழ 2.8 மீட்டர் அளவுள்ள சுழிவுகளிலிருந்து எதிரொலி பெற்று, அதன் சிறு அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு காற்றின் வேகத்தை அது அளக்கிறது. தென்கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா. 2010 டிசம்பர் 25 அன்று ஜிஎஸ்எல்வி-எஃப்06 ராக்கெட் பாதை பிறழ, ஏவி ஏறத்தாழ ஒரு நிமிடம் கடந்த நிலையில் தரையிலிருந்து அழிப்புக் கட்டளை அனுப்பப்பட்டது. அதுவும் தொலையியக்கமே, அதுவும் ஓர் ஏவல் வினையே. ஆனால் அத்தகைய ஏவலை அதிர்வெண்ணின் காவலில் மட்டும் விட்டுவைக்க முடியாது. அங்கு விளி கட்டளைக்குள்ளேயே பொதிந்திருக்க வேண்டும்.

பொம்மைகளும் பின்னர் அவ்வழியே வந்தன. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு உரிம விலக்கு விரிவாகக் கிடைத்ததும் 2005 ஜனவரியில்தான். இப்பட்டையில் ஓடும் பல கார்களில் ரிமோட்டும் காரும் முதல் முறை இயங்கும்போதே ஒன்றையொன்று அறிமுகம் செய்துகொள்கின்றன. பின்னர் ஒவ்வொரு கட்டளையோடும் தனி அடையாள எண் ஒன்று செல்கிறது. தேவைப்பட்டால் தடத்தையும் தாமே மாற்றிக்கொள்கின்றன. குழந்தைகள் ‘உன்னுடையது எத்தனை?’ என்று கேட்டுக்கொள்ளத் தேவையில்லை.

அச்சு தேய்ந்த பழைய கார் கிடைத்தால் முகவரியைக் கண்டறிய இன்னும் வழியுண்டு. ரிமோட்டைத் திறந்தால் வெள்ளி நிற உலோகக் குமிழாகப் படிகம் இருக்கும். அதன் தலையில் 27.145 என்பது போல முழு எண்ணும் பொறித்திருக்கும். அதாவது அனுப்புவது வீட்டு எண்ணைத் துல்லியமாகவே சொல்கிறது. கேட்பதற்குத்தான் தெரு மட்டும் புரிகிறது. 30 மெகாஹெர்ட்ஸ் வரை செல்லும் சிற்றலை வானொலியை அருகே வைத்து ரிமோட்டை அழுத்தினால், 27க்குரியதாயின் அந்த இடத்தில் கரகரவென்று துடிப்புகள் கேட்கும். 49 என்றால் மௌனம். புதிய கார்களின் பெட்டிமீதும் ‘2.4’ என்று பெரிதாக அச்சிடத்தான் செய்கிறார்கள். அந்த எண்ணைக் கொண்டு எந்த இரண்டு கார்களையும் வேறுபடுத்த இயலாது.