தொழிற்கல்வியும் தொழில் வழங்குவோரும்: மாத்தளை வரலாறு உணர்த்துவது

தொழில் வழங்குவோர் வேண்டுவதையே கல்விக்கூடங்கள் கற்பித்தல் வேண்டும் என்பது இன்று பலராலும் வற்புறுத்தப்படும் கருத்தாகும். அதில் உண்மை உண்டு; ஆயினும் அது முழு உண்மையன்று. மாத்தளை மாவட்டத்தின் வரலாற்றை நோக்குவோர்க்கு இது புலனாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிச் செய்கை மாத்தளைக் குன்றுகளிற் பரவியது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மாத்தளையை அடைந்தனர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கலாயிற்று. 1880இல் புகையிரதம் மாத்தளையை எட்டியபோது கோப்பியின் காலம் முடிவுற்றுக்கொண்டிருந்தது. தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் அதன் இடத்தைப் பெற்றன. பயிர் மாறிற்று, தொழிலாளியின் நிலை மாறவில்லை.

1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், தோட்டங்களில் வாழ்ந்த ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தினர்மீது சுமத்தியது. எழுத்தும் எண்ணும் ஓரளவு கற்பிக்கப்பட்டன. அதன்பின் கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியும் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தன. தோட்டத்துக்கு வேண்டியது உழைக்கும் கை. பள்ளி அதற்கு மேல் எதனையும் தரவில்லை. தொழில் வழங்குவோரின் தேவைக்கும் கல்விக்கும் இதனினும் நெருங்கிய பொருத்தம் இருத்தல் அரிது. ஆனால் அப்பொருத்தமே பல தலைமுறைகளுக்குச் சிறையாயிற்று.

பட்டினத்துப் பள்ளிகளின் போக்கு வேறு. ஆங்கிலம் கற்றவர்க்கு எழுதுவினைஞர் உத்தியோகமும் மாதச் சம்பளமும் கிடைத்தன. ஆகவே பெற்றோர் அக்கல்வியையே நாடினர். 1932இல் கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸவில், கிராம வாழ்வைத் தழுவிய கல்வித் திட்டமொன்று தொடங்கப்பட்டது. நோக்கம் உயர்ந்தது, எனினும், கிராமத்தவருக்கு ஒரு கல்வி, உத்தியோகத்துக்குரியவருக்கு வேறொரு கல்வியோ என்ற ஐயம் மக்களிடையே நீங்கவில்லை.

1945இல் இலவசக் கல்வி வந்தது. கற்றோர் தொகை பெருகியது. உத்தியோகங்கள் அவ்வளவிற் பெருகவில்லை. 1971 ஏப்பிரலில் கிளர்ந்தெழுந்த இளைஞருட் பலர் பள்ளிக் கல்வி பெற்றவர்களே. சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் சார்பில் பேராசிரியர் டட்லி சீர்ஸ் தலைமையில் வந்த குழு, அவ்வாண்டிலேயே இப்பிரச்சினையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. வேலைவாய்ப்புகளையும் எதிர்பார்ப்புகளையும் பொருத்துதல் என்பதே அவ்வறிக்கையின் தலைப்பாக அமைந்தது. பிழை மாணவரின் மனப்பாங்கில் மட்டும் இல்லை. கைத்தொழிலுக்கும் அலுவலக வேலைக்கும் இடையிலுள்ள ஊதிய வேறுபாடே அம்மனப்பாங்கை வளர்க்கிறது என அக்குழு கண்டது. கானா நாட்டை ஆராய்ந்த பிலிப் பொஸ்டர் என்னும் அறிஞரும் 1965இல் இதனையொத்த முடிவையே கூறியிருந்தார்.

1972இன் கல்விச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களைப் புகுத்தியது. அந்தந்த ஊரின் தொழிலை அவ்வூர்ப் பள்ளி கற்பிக்கலாயிற்று. மிளகும் சாதிக்காயும் விளையும் மாத்தளைக்கும், அரக்கு வேலையிற் பெயர்பெற்ற ஹப்புவிதவுக்கும் இது ஏற்ற திட்டமாகவே தோன்றும். ஆயினும் கருவிகளும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் போதவில்லை. வேலை தருவோர் பழைய சான்றிதழ்களையே கேட்டனர். உழவன் மகனை உழவிலேயே நிறுத்தும் சூழ்ச்சியெனப் பெற்றோர் ஐயுற்றனர். 1977இல் ஆட்சி மாறியபின் அத்திட்டம் கைவிடப்பட்டது.

ஆனால் தொழில் தருவோரும் பயிற்சியிற் பங்கேற்ற இடங்களில் விளைவு வேறாயிற்று. 1959இல் தொடங்கிய இலங்கை–ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிலையம், போக்குவரத்துச் சபையின் வாகனங்களைப் பழுதுபார்க்கும் வினைஞரை உருவாக்கியது. பயின்றவருக்குரிய வேலை முன்னரே அறியப்பட்டிருந்தது. 1971இன் தொழில் பயிலுநர் சட்டமும் வேலைத்தலத்தையே பயிற்சிக்களமாக ஏற்றது. 2004இல் நடைமுறைக்கு வந்த தேசிய தொழிற்றகைமை முறை ஏழு படிகளை உடையது. மேசனோ மின்வினைஞனோ படிப்படியாகப் பட்டத் தரம்வரை உயர அது வழி காட்டுகிறது.

நம் வகுப்புகளிலும் கைத்திறன் மிக்க மாணவர் உளர். அவர்தம் பெற்றோர் கேட்கும் வினா ஒன்றே: “இதைப் படித்தால் என் பிள்ளை மேலே வருவானா, சேர்?” இவ்வினாவைப் பேராசையென்று தள்ளுதல் தகாது. தோட்டப் பள்ளியின் வரலாற்றை மறவாதவர் கேட்கும் வினா அது.

ஆகவே, பொருத்தம் என்பது மாணவனை முதலாளியின் அளவுக்கு வெட்டித் தைப்பதன்று. தொழில் வழங்குவோர் பயிற்சிக் காலத்தில் படி கொடுத்தல் வேண்டும். பயின்றவனுக்குத் தக்க ஊதியம் அளித்தல் வேண்டும். கல்விக்கூடம் கைத்திறனோடு மொழியும் கணிதமும் கற்பித்து, உயர்கல்விக்குச் செல்லும் வாயிலைத் திறந்தே வைத்தல் வேண்டும். கோப்பி அழிந்து தேயிலை வந்த இம்மண்ணில், ஒரு பயிருக்கென்றே பயிற்றப்பட்ட கை அப்பயிரோடு வீழும். மாறுதலைத் தாங்கும் அறிவையும் தொழிலோடு சேர்த்து அளிப்பதே உண்மையான தொழிற்கல்வியாகும்.