பல் பிரஷின் கதை

காலையில் எழுந்ததும் நாம் கையில் எடுக்கும் முதற் கருவிகளுள் ஒன்று பல் பிரஷ். சிறு பொருளாயினும் அதன் வரலாறு ஒரு பெரிய வினாவுக்கு விடை தேடிய வரலாறாகும். அழுக்கை அகற்றும் உறுதியும், ஈற்றைக் காக்கும் மென்மையும் ஒரே கருவியில் அமைவது எங்ஙனம்?

வேப்பங்குச்சியின் நுனியை மென்று நாராக்கிப் பல் துலக்குவது நம் நாட்டின் தொன்மையான வழக்கம். நாருக்குப் பதிலாகப் பன்றி மயிரைக் கைப்பிடியில் பொருத்தியவர்கள் சீனர்கள். குளிர் மிகுந்த வடபகுதிப் பன்றிகளின் மயிர் விறைப்பானது. ஆதலின் அதனையே விரும்பினர். இங்கிலாந்தில் 1780-ஆம் ஆண்டளவில் வில்லியம் ஆடிஸ் என்பவர் எலும்புக் கைப்பிடியில் துளையிட்டு, மயிர்க்கற்றைகளைக் கம்பியால் கட்டி, பிரஷ்களைப் பெருமளவில் செய்து விற்கத் தொடங்கினார். சிறையிலிருந்தபோது அவருக்கு இவ்வெண்ணம் தோன்றியதென்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

ஆயினும் பன்றி மயிர் எளிதில் உலராது. ஈரத்தில் கிருமிகள் தங்கும். மயிரும் கழன்று விழும். இக்குறைகளைத் தீர்த்தது வேதியியல். அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் 1935-இல் நைலானை உருவாக்கினர். 1938 பிப்ரவரி 24-ஆம் நாள் அது முதன்முதல் விற்பனைக்கு வந்தது பல் பிரஷ் இழையாகவே. காலுறைகள் பிறகே வந்தன. அதனைக் காணக் கரோதர்ஸ் உயிருடன் இல்லை, 1937-இலேயே மறைந்துவிட்டார்.

முதலில் வந்த நைலான் இழைகள் விறைப்பு மிகுந்து ஈற்றை உறுத்தின. மென்மையான இழைகள் 1950-களில் வந்தன. நான் வகுப்பில் உத்திரத்தின் வளைவைப் பற்றிக் கற்பிக்கும்போது மாணவர்கள் பாலங்களையே நினைப்பார்கள். அதே விதிதான் இங்கும் ஆள்கிறது. நீளம் மாறாதிருக்க, இழையின் விட்டத்தைப் பாதியாக்கினால் விறைப்பு பதினாறில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே மயிரிழை அளவு மாற்றமும் ஈறு அறியும் மாற்றமே. வெட்டிய இழையின் முனை கூர்மையாயிருக்கும். ஆதலால் நல்ல பிரஷ்களில் அதனைத் தேய்த்து உருண்டையாக்குகிறார்கள். இழைகளை இரண்டாக மடித்து, சிறு உலோகத் தகட்டால் துளையினுள் இறுக்குவது பெரும்பாலும் கையாளப்படும் முறை.

இவ்வளவு முயற்சியும் ஒரு முரட்டுக் கையால் வீணாகிவிடலாம். அழுத்தித் தேய்ப்பதால் தேய்ந்து விலகிய ஈறு தானே மீண்டும் வளர்வதில்லை. எனவே மென்மையான பிரஷைத் தேர்ந்தெடுங்கள், மெல்லத் துலக்குங்கள், இழைகள் விரிந்ததும் மாற்றிவிடுங்கள். தூய்மை பொறுமையால் வருவது, வலிமையால் அன்று.